ஜப்பானா, ஸ்வீடனா?

வாடகைக்கு எடுத்து வந்த இரண்டு மீடியம் ஃபார்மட் கேமராக்களில் எதை வாங்குவது என்று குருசுக்குப்பம் ஸ்டூடியோக்காரன் எழிலரசன் இன்றைக்கு முடிவு பண்ணியாக வேண்டும்.

மதியம் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் அசந்து தூங்கிய அப்பா கலியபெருமாள்தான் மாடல். லைட் போட்டால் எழுந்துவிடுவார். ஜன்னல் வெளிச்சமே போதுமென்று, கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, ஷட்டரை ஒரு முழு விநாடி திறந்துவைத்து எடுத்தான். முதலில் ஜப்பான் கேமரா. ஒரு டீ குடித்துவிட்டு வந்து ஸ்வீடன் கேமரா.

இரண்டு படங்களையும் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினான்.

“ஜப்பான் தேறாது சுடர். அப்பா சட்டைல கட்டமெல்லாம் கலங்கிக் கெடக்கு. ஸ்வீடன்ல பாரு, நூல் நூலா எண்ணலாம். இதையே வாங்கிடலாம்.”

மனைவி சுடர்விழி முதல் படத்தை உற்றுப் பார்த்தாள்.

“நாற்காலிப் பிரம்பு இதுலயும் தெளிவாத்தானேங்க இருக்கு. சட்டை மட்டும் ஏன் கலங்குது?”

“மூச்சு விடறாரில்ல, நெஞ்சு ஏறி எறங்கும். ஒரு விநாடி ஷட்டர்ல அது கலங்கத்தான்...”

பாதியில் நிறுத்தினான். இரண்டாவது படத்துக்கும் அதே ஒரு விநாடிதான்.

“மாமா” என்று கூப்பிட்டுக்கொண்டே சுடர்விழி ஜன்னல் பக்கம் ஓடினாள். எழிலரசனால் திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

சட்டையில் ஒரு நூல்கூட அசைந்திருக்கவில்லை.