அதே நீலம்

கணவனின் தொப்பையால் நீ ஒருநாள் திருடியாவாய் என்று யாராவது சொல்லியிருந்தால் ரேணுகா சிரித்திருப்பாள்.

ஸ்ரீகாந்துக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை. ஒரு வண்டிச் சோதனைக்காக வெள்ளிக்கிழமை லடாக் கிளம்புகிறான். மின்விசிறிக்கு அடியிலும் வியர்க்கிற ஊரில் உட்கார்ந்து இரண்டு மாதமாக அவனுக்கு ஸ்வெட்டர் பின்னினாள். செவ்வாய்க்கிழமை பார்த்தால், இடது கை முழங்கையோடு நிற்கிறது, நூல் தீர்ந்துவிட்டது. நடுவில் அவன் வயிறு பெருத்ததால் உடம்புப் பகுதியைப் பிரித்து அகலமாகப் பின்னியிருந்தாள். நூல் அங்கேதான் போயிருக்க வேண்டும்.

பூந்தமல்லி உல்லன் கடையில் ஹபிபுல்லா பாய் கையை விரித்தார்.

“நீலம் கீதும்மா. ஆனா அந்த லாட் இல்ல. வேற லாட் போட்டா ஒரு கை மட்டும் வெளுத்தாப்ல தெரியும். அப்பறம் என்னை ஏசாதீங்க.”

ஒரே தடவையில் சாயம் போட்ட நூல்தான் ஒரே நிறமாக இருக்கும். அதற்காகத்தான் லேபிளில் லாட் நம்பர். 417. அவளுக்கு மனப்பாடம்.

புதன்கிழமை மதியம் குவார்ட்டர்ஸ் மனமகிழ் மன்றத்தில் பின்னல் வகுப்பு. பக்கத்து நாற்காலியில் சேக்காடு வனஜா. அவள் டீ எடுக்க எழுந்துபோனபோது பை சரிந்து வாய் திறந்தது. உள்ளே பிரிக்காத ஒரு நூல்கண்டு. அதே நீலம். லேபிளில் 417.

கேட்டிருக்கலாம். கேட்டால் வனஜா கொடுத்தும் இருப்பாள். ஆனால், ‘எனக்கே வேணும்டி’ என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் எடுக்க முடியாதே என்றது மனசு. தன் மனசு இத்தனை விவரமானது என்று ரேணுகாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

வனஜா டீயோடு திரும்புவதற்குள் நூல்கண்டு பை மாறியிருந்தது.

வியாழன் முழுக்கப் பின்னினாள். வரிசைக்கு வரிசை வனஜாவின் முகம் வந்து போனது. எத்தனை நாள் தன் டிபன் பாக்ஸிலிருந்து பாதியை எடுத்து நீட்டியிருக்கிறாள்.

“ரெண்டு கையும் ஒரே கலரா வந்திருச்சே. நூலுக்கு என்ன பண்ணினே?” என்றான் ஸ்ரீகாந்த், கண்ணாடி முன்னால் வியர்க்க வியர்க்க நின்று.

“கிடைச்சுது.”

வெள்ளிக்கிழமை ஸ்வெட்டர் ரயிலேறிவிட்டது. உறுத்தல் அவளோடு வீட்டிலேயே தங்கிவிட்டது.

சனிக்கிழமை வகுப்புக்குப் போகப் பயம். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று இன்னொரு பயம். இரண்டாவது பயம் ஜெயித்தது.

வனஜா அன்று ஊசியையே தொடவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், ரேணுகாவைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

“ரேணு, கொஞ்சம் வெளிய வா. பேசணும்.”

சைக்கிள் ஸ்டாண்டு வரை நடப்பதற்குள், காலில் விழலாமா, கையைப் பிடிக்கலாமா என்று ரேணுகா யோசித்துவிட்டாள். ‘அக்கா, மன்னிச்சிரு’ என்பது தொண்டை வரை வந்துவிட்டது.

வனஜா முந்திக்கொண்டாள்.

“என் பையிலேருந்து நீலக் கண்டு ஒண்ணு காணோம்டி. புதன்கெழமையிலேருந்து.”

“அப்படியாக்கா?”

“என்னுதா இருந்தா போனா போவுதுன்னு உட்ருப்பேன். அது உன்னுதுடி.” வனஜாவின் கண் கலங்கியது. “போன மாசம் நீ கை கழுவப் போனப்ப உன் பையிலேருந்து நான்தான் எடுத்தேன். தங்கச்சி புள்ள குல்லாவுக்கு பார்டர் போட. எடுத்துட்டேனே ஒழிய ஒரு வரிசை போட மனசு வரல. புதன்கெழமை நைசா திருப்பி வச்சிரலாம்னு எடுத்துகினு வந்தேன், அதுக்குள்ள எவளோ அடிச்சிட்டா. நம்ம கூடவே ஒரு திருடி குந்திகினு கீறா பாரேன்.”

ரேணுகா வனஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பெருந்தன்மையோடு அவளை மன்னித்தாள்.