ரசமட்டத்தில் ஒரு புயல்

மாடி அறையின் நாலு மணி வெயிலில் எண்ணெய்ச் சாயத்தில் வரைந்த புயல் ஈரமாகப் பளபளக்கிறது. வானம் கன்னங்கரேலென்று கிடக்கிறது, அலைகள் ஆளுயரம் எழும்புகின்றன, நடுவில் கப்பல் மட்டும் தண்ணீர்த் தொட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. வரைந்தவர் முப்பது வருஷம் கட்டட மேஸ்திரியாக இருந்தவர், அந்தக் கை எதையும் சாய விடாது. அடிவானத்தையே ரசமட்டம் வைத்துத்தான் போட்டார். அந்த மட்டம் இன்னும் படச் சட்டத்தின் தலைமேல் குமிழியை நடுவில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நாளைக்கு ஓவிய வகுப்பில் வாத்தியார் பார்ப்பார். 'கடலின் மகா கோபம்' என்று தலைப்பை வேறு வகுப்பு முழுக்க அறிவித்தாயிற்று. பாய்மரத்தை மூன்று தடவை சுரண்டி எடுத்து வரைந்தாயிற்று, மூன்று தடவையும் தூண்தான் எழும்பியது.

டீயோடு வரும் மனைவி, நீலம் அப்பிய கையைக் கன்னத்தில் வைத்திருப்பவரைப் பார்க்கிறாள். "என்னங்க, கப்பல் கவிழ்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" "கவிழ மாட்டேங்குதே, அதான்." "நீங்க கட்டினது எது சாஞ்சிருக்கு, இது சாயறதுக்கு?" பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொள்கிறாள். "இப்படியே இருந்து நேரா வரைங்க." "கழுத்து வலிக்கும்டி." "புயல்னா சும்மாவா?" தூரிகை நகர்கிறது. அவர் கண்ணுக்கு நேராக ஏறும் பாய்மரம், ஓவியத் துணியில் அலையைப் பார்த்துச் சரிகிறது. கன்னத்து நீலம் அவள் தோளில் ஒட்டுகிறது. பாய்மரம் முடிந்தும் அவர் தலையை எடுக்கவில்லை. "இன்னும் ரெண்டு கயிறு பாக்கி இருக்கு," என்கிறார்.