செவலை சுமந்து வந்தது

செவலை என்ற செம்மறி, சில வருஷம் வெளியூர்களில் மேய்ந்துவிட்டுத் தன் பழைய மேய்ச்சல் காட்டுக்குக் குட்டியோடு ஓடி வந்தது. வந்த வேகத்தில் அப்படியே நின்றுவிட்டது. கொழுக்கட்டைப் புல் மண்டிக் கிடந்த இடமெல்லாம் சீமைக்கருவேலம். அடியில் ஒரு பச்சை இல்லை.

"அடப்பாவி! எங்க புல்லை என்ன பண்ணினே? உன்னை இங்கே யாரு கூப்பிட்டா?"

"என்ன தாயி, தெரியாத மாதிரி கேக்குறே?" என்றது மரம். "கண்மாய்க்கரையில என் அம்மாவோட காயை வயிறு முட்டத் தின்னியே! அன்னிக்கு ராத்திரி உங்களை இங்கேதான் கிடை அடைச்சாங்க. விதை செரிக்காம உன் புழுக்கையோட விழுந்துச்சு. உரமும் நீ போட்டதுதான்."

செவலை தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது. அதன் பிறகு இதே காயைத் தின்றுவிட்டு எத்தனை ஊர்க் காடுகளில் கிடை கிடந்திருக்கிறது!

பின்னால் கறுக்மொறுக்கென்று சத்தம். திரும்பினால், குட்டி கண்ணை மூடிக் காய் மென்றுகொண்டிருந்தது.

"துப்புடா!" என்று அலறியது செவலை.

"இனிக்குதும்மா," என்றது குட்டி. "துப்பிட்டு வேற எதைத் தின்ன?"