ஆதிரா பற்றிய பதிவேடு

'நாற்பதாம் நாள். இன்றும் ஒரு சொல் இல்லை' என்று எழுதி அடியில் கோடு போட்டாள் ரெஜிலா. எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, மரக்கட்டைகளைச் சத்தமில்லாமல் அடுக்கிக்கொண்டிருந்தாள் ஆதிரா.

ஆரல்வாய்மொழிக் காற்றுக்குப் பதிவேட்டின் தாள்கள் படபடத்தன. பருப்புச் சட்டியின் மூடியைத் தூக்கி மேலே வைத்த பிறகுதான் எழுத முடிந்தது. எழுத எழுதக் கண் சொக்கியது.

அங்கன்வாடி டீச்சராகப் பதினாறு வருடம் ஓட்டிவிட்டு, மழலையர் கல்வியில் பட்டம் வாங்குகிறேன் என்று அஞ்சல் வழியில் சேர்ந்தவள் அவள். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று புருஷன் கிண்டலடித்தபோது, ஐம்பதுக்கு இன்னும் எட்டு வருடம் கிடக்கிறது என்று வெடுக்கென்று சொன்னாள். அந்த வீறாப்பெல்லாம் இப்போது போன இடம் தெரியவில்லை.

விடிகாலையில் வீட்டுச் சமையல், பகலில் பிள்ளைகளை எடை பார்ப்பது, முட்டை அவிப்பது, எல்லாவற்றையும் போனில் ஏற்றுவது, ஞாயிறானால் நாகர்கோவிலில் வகுப்பு. படிக்க நேரம் கிடைத்ததெல்லாம் அங்கன்வாடிக் கூச்சலுக்கு நடுவில்தான். ஜூன் மாதப் பரீட்சைக்கு, டீச்சர் படித்து முடிக்கும்வரை சத்தம் கூடாது என்று பிள்ளைகளை அதட்டி அடக்கிவிட்டுத்தான் புத்தகத்தைத் திறந்தாள்; அந்த அதட்டலும் இரண்டு நிமிடம் தாங்கவில்லை.

அந்த வாரத்தில் வந்து சேர்ந்தவள்தான் ஆதிரா. மூன்றரை வயது. சேர்ந்த ஆறு மாதத்தில் அங்கன்வாடிக்குள் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. பாட்டு என்றால் தலையாட்டுவாள், தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைக் கைகாட்டுவாள், அவ்வளவுதான்.

கடைசி வருடத்தில் ஒரு குழந்தையை நாற்பது நாள் கவனித்து எழுத வேண்டும். ரெஜிலா வேறு யாரையும் தேடவில்லை. புத்தகத்தில் சொல்லியிருந்த அடையாளங்கள் ஒவ்வொன்றாக இந்தப் பிள்ளையிடம் பொருந்தி வந்தன.

சுவரோரம் நில் என்றால், போ என்று சொல்லும்வரை ஆதிரா அசைய மாட்டாள். ஒருநாள் ரெஜிலா சொல்ல மறந்துபோய், சாப்பாட்டு மணிவரை நின்றிருக்கிறாள். 'தானாக முடிவெடுக்கத் தெரியவில்லை' என்று அதையும் குறித்துக்கொண்டாள். நாகர்கோவில் வகுப்பில் பேராசிரியர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பேச்சு வளர்ச்சியில் குறைபாடு என்று முடிவாகச் சொன்னார். தாமதிக்காமல் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிவிடும்படியும் சொன்னார்.

ஆதிராவின் அம்மா ரேஷ்மி ஒத்துக்கொள்ளவில்லை. முந்திரி ஆலையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு இரண்டு முறை வந்து வாதாடிப் பார்த்தாள். பிள்ளையின் குறையைப் பெற்றவர்கள் லேசில் ஏற்க மாட்டார்கள் என்று புத்தகத்தில் ஒரு தனி அத்தியாயமே இருந்தது. அதனால் ரெஜிலா கோபப்படவில்லை. அந்தத் தாயை நினைத்து அவளுக்குப் பாவமாக இருந்தது.

மூன்று மணிக்கு ரேஷ்மி வந்தாள். சம்மதத் தாளில் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால், நாளை முதல் ஆதிராவுக்குச் சிறப்புப் பள்ளிதான். இரண்டு பஸ் மாறிக் கூட்டிப் போக வேண்டும் என்பதற்காக ஆலை வேலையையும் விட்டுவிட்டு வந்திருந்தாள். தாளைக் கையில் வாங்கியவள் பேனாவைத் தொடாமல் நின்றாள்.

"டீச்சர், நான் கள்ளம் சொல்லல்ல. வீட்டுல இவ ஒறங்குறது வரைக்கும் வாய மூட மாட்டா."

"பயப்படாத மக்கா. நேரத்தோட கண்டுபிடிச்சாச்சுல்லா, எல்லாம் செரியாயிரும்."

படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று முனகிக்கொண்டு ரேஷ்மி கையெழுத்துப் போட்டாள். அழுகையை அடக்கிக்கொண்டு மகளின் பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்தாள். ஆதிரா கட்டைகளைப் பெட்டிக்குள் ஒன்றுவிடாமல் போட்டு மூடிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரெஜிலா அந்தத் தாளைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டினாள். மூன்று வருடம் இதற்காகத்தான் மாரடித்தாள். ஆனால் துளி சந்தோஷம்கூட வரவில்லை. இடுப்பு மட்டும் வலித்தது. எங்காவது கொஞ்சம் தலை சாய்க்க முடிந்தால் போதுமென்று இருந்தது.

பதிவேட்டை மூடிவிட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆயாவிடம் சொன்னாள்.

"தங்கபாயக்கா, இன்னையோட என் படிப்பு முடிஞ்சு."

இனியாவது ராத்திரி நிம்மதியாக உறங்கும்படி தங்கபாய் உள்ளிருந்தே சொன்னாள்.

வாசலைத் தாண்டப் போன ஆதிரா நின்றாள். அம்மாவின் கையை உதறிவிட்டுத் திரும்பி வந்தாள். ரெஜிலாவின் முன்னால் நின்று, சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர் நெசமாவே படிச்சு முடிச்சாச்சா?"

திக்கவில்லை, திணறவில்லை, கணீரென்று கேட்டாள். ஆமாம் என்று ரெஜிலா தலையாட்டினாள்.

"அப்ப இனி நான் பேசலாமா?"