தேய்க்காத மூடி

பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சை அறை வாசலில் நின்று, குழந்தையின் அம்மா முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்க்கிறாள். செங்கல் சுமந்து காய்த்த கை. வெடிப்புகளில் நுரை இறங்கி எரிகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கையளவு மகளுக்கு ரத்தத்தில் கிருமி, பிழைப்பதே கஷ்டம். நெஞ்சுவரை போகும் மருந்துக் குழாய் வழியாகத்தான் ஏறியிருக்கும் என்று டாக்டர் நர்சிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிட்டுப் போகிறார். நேற்று அவசரத்தில் அந்தக் குழாயின் மூடியை ஸ்பிரிட் தொட்டுத் தேய்க்காமலே மருந்தை ஏற்றியவள் இந்த நர்ஸ்தான். “மண்ணுல கெடந்த கையால தொட்டுட்டேன் சிஸ்டர். பெத்த நானே எமனா வந்துட்டேன்.” நர்ஸ் எட்டித் தண்ணீரை நிறுத்துகிறாள். “உங்க கையில ஒண்ணுமில்லம்மா.” சோப்பைத் தள்ளி வைக்கிறாள். “நீங்க நல்ல மனசுக்காரங்க, அப்படித்தான் சொல்லுவீங்க” என்றபடி தாய் மறுபடியும் சோப்பை எடுக்கிறாள்.