வடலூர் புக்கிங்

வெற்றிலைத் தட்டோடு செம்மண்டலத்து வீட்டுக்குள் வந்த தங்கை எழிலரசியைப் பார்த்ததுமே சிங்காரத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவளுடைய இளைய மகளுக்குக் கல்யாணம். ஓசியில் கிளாரினெட் ஊத ஆள் வேண்டும்.

"தை இருபது, சிதம்பரத்துலண்ணே."

"அன்னைக்கு எனக்கு வடலூர்ல புக்கிங். வர முடியாது."

"தங்கச்சி மவளைவிட வடலூர்க்காரன் ஒசத்தியா?"

"ஆமா. அத்தை மவ கல்யாணத்துல அப்பா வாசல்ல நின்னு ஊதுனாரு. நான் சின்னப் பையன், வாத்தியப் பெட்டி மேல உக்காந்து பாத்துகிட்டிருந்தேன். தாய்மாமன் மாலைய சித்தப்பா போட்டாரு. உன் பெரிய பொண்ணு கல்யாணத்துல நான் வாசல்ல நின்னேன். மாலைய சித்தப்பா மவன் போட்டான். போதும்மா, நான் வரல."

எழிலரசி தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பத்திரிகையை நீட்டினாள்.

"கடைசி வரியப் படி."

சிங்காரம் எழுத்துக்கூட்டிப் படித்தார். 'பேண்டு வாத்தியம்: கீரப்பாளையம் செம்பியன் குழுவினர்.'

"ஊதறதுக்கு வேற ஆளு பேசியாச்சு. நீ மேடை ஏறி மாலை போடணும்னு கூப்புடத்தான் வந்தேன். உனக்குத்தான் தோது இல்லியே. சித்தப்பா மவனையே போடச் சொல்றேன்."

அவள் தட்டை எடுக்கக் குனிந்தாள். சிங்காரம் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப வடலூர் கல்யாணம்?"

"அங்க யாருக்கும் கல்யாணம் இல்ல. உக்காரு."