பேர் சொல்ல விரும்பாதவர்

நஜாத் தன் புரியாணித் தட்டிலிருந்த இறாலை இரண்டு விரலால் தூக்கி, எல்லாரும் பார்க்கப் பந்தலுக்கு வெளியே வீசினார்.

"அன்ஸார் ஹாஜியார்ட பண்ணை இறால் எனக்கு ஹராம்! அந்த வேலி உடையிற நாள் வரைக்கும் இந்த வாயில இறால் படாது!"

எத்தாளை ஊரே கைதட்டியது. ஆனால் தன் தட்டு இறாலை வேறு யாரும் வீசவில்லை.

பெண்கள் பக்கம் இருந்த ஜெமீலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மீன் பிடிக்கக் களப்புக்குப் போகும் பாதையைப் பண்ணைக்காரர் கம்பி வேலியால் அடைத்து ஆறு மாதமாகிறது. அவள் புருஷன் ஜபார் வள்ளத்துக்குப் போக மூன்று கட்டை தூரம் சுற்றவேண்டும். அவர் மீனோடு வந்து சேரும்போது வியாபாரிகள் போயே போய்விடுவார்கள்.

பிரதேச சபைத் தேர்தல் கேட்கிறவர்களில் அந்த வேலியைப் பற்றி வாய் திறந்த ஒரே ஆள் நஜாத்தான். அதனால்தான் மகளிர் சங்கத்து நாற்பது பெண்களையும் அவருக்கே வாக்குப் போடச் சொல்லிக் கூட்டிவந்திருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் ஜெமீலா நஜாத்திடம் போனாள். "தம்பி, பந்தல், கதிரை, முன்னூறு பேருக்குச் சாப்பாடு... இவ்வளவையும் யாரு பொறுப்பெடுத்த?"

"ஒரு நல்ல மனுஷன், ராத்தா. பேர் வெளிய வர விரும்பாதவர்."

ஜெமீலா உருகிப்போனாள். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியாமல் கொடுக்கிற மனிதர் இந்தக் காலத்திலும் இருக்கிறாரே! ஆனால், ஊருக்கே சோறு போட்டவரைப் பேர் சொல்லி அல்லாஹ்விடம் துஆக் கேட்காமல் விடுவதா? அதற்கு அவள் மனம் ஒப்பவில்லை.

சட்டி பானைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்த சாரதியிடம் விறுவிறுவென்று போனாள்.

"நானா, இதெல்லாம் அனுப்பின ஆளத் தெரியுமா?"

"தெரியாம? என்ட முதலாளிதானே."

அந்த நேரம் பார்த்து லெப்பை மேடையேறிவிட்டார்.

"அல்லாவே, துஆ தொடங்கப்போறாரு! ஓடிப்போய் அவர்ட காதுல முதலாளிட பேரப் போடுங்க நானா!" என்று சாரதியைத் துரத்திவிட்டு, ஜெமீலா முந்தானையைச் சரிசெய்துகொண்டு தன் இடத்துக்கு ஓடினாள்.

லெப்பை துஆவுக்கென்றே புத்தளத்திலிருந்து அப்போதுதான் வந்திறங்கியவர். வேலியும் தெரியாது, ஊர்ச் சண்டையும் தெரியாது. சாரதி காதில் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு இரு கையையும் ஏந்தினார். பக்கத்தில் நஜாத் பயபக்தியோடு கண்ணை மூடிக்கொண்டார்.

"யா அல்லாஹ்! நஜாத் தம்பியின் நிய்யத்தை நிறைவேற்றுவாயாக!"

"ஆமீன்!" பந்தல் அதிர்ந்தது. ஜெமீலாவின் சத்தம்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"இந்தப் பந்தலுக்கும் கதிரைக்கும் சாப்பாட்டுக்கும் பொறுப்பெடுத்த அன்ஸார் ஹாஜியாரின் இறால் பண்ணையை இன்னும் விசாலமாக்குவாயாக!"

பழக்கதோஷத்தில் நாற்பது பெண்களும் வாயைத் திறந்தார்கள். ஜெமீலா ஏந்திய கையை உதறிக்கொண்டு எழும்பிக் கத்தினாள்:

"ஆமீன் சொல்லிடாதீங்க, புள்ளையள்!"